வெறுங்கால்

சென்ற மாசி மாதம் தஞ்சை ஜில்லாவில் ஓர் உறவினர் ஊருக்குப் போயிருந்தேன். சம்பா அறுவடை முடிந்து வயலெல்லாம் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. அன்று சாயங்காலம் ஐயனார் கோயில் திடலில் கால்பந்துப் பந்தயம் என்றார்கள். கோல் கம்பங்கள் மூங்கில். வலை ஒரு பக்கத்துக்குத்தான் கிடைத்திருந்தது. சுண்ணாம்புக் கோடு பாதித் திடலோடு தீர்ந்துபோய், மிச்சத்துக்கு அடுப்புச் சாம்பலைத் தூவியிருந்தார்கள். கதை எழுதுகிறவன் என்பதற்காக எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். பக்கத்து நாற்காலியில் எண்பது தாண்டிய பெரியவர் ஒருவர். அதே திடலில் வாலிபத்தில் ஆடியவராம்.

உள்ளூர்க் கட்சியில் இடது ஓரத்தில் ஆடிய பையனைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினாறு வயசு இருக்கும். பந்து காலுக்கு வந்தால் இரண்டு பேரைத் தாண்டுவான். மூன்றாவது ஆளிடம் தடுக்கி விழுவான். இடைவேளையில் காரணம் தெரிந்தது. பூட்ஸ் யாரிடமோ இரவல். நுனியில் துணி அடைத்திருந்தது. மறுபாதிக்கு அவன் வெறுங்காலோடு இறங்கினான். நடுவர் விசில் ஊதிவிட்டார்.

“சார், இது பெரிசா இருக்கு சார். வெறுங்கால்லயே ஆடறேனே” என்றான் பையன்.

நடுவர் தலையை ஆட்டிவிட்டார். அவர் மேல் தப்பில்லை. ஆட்ட விதிகளில் நான்காவது விதி காலணி கட்டாயம் என்கிறது. பையன் பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு வெளியே வந்து கோட்டருகில் உட்கார்ந்தான். மாற்று ஆள் இல்லாததால் அவன் கட்சி பத்துப் பேரோடு ஆடியது.

எனக்குக் கோபம் வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நம்மவர்களுக்கு வெறுங்கால் என்றால் ஒரு காவியமே இருக்கிறது. 1911 ஜூலை 29-ஆம் தேதி கல்கத்தாவில் மோகன் பகான் கட்சியார், கிழக்கு யார்க்ஷயர் ராணுவப் படையின் கட்சியை 2-1 என்று வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைப் பெற்றார்கள். பதினொரு பேரில் பூட்ஸ் போட்டவர் ஒருவரே. துரைகளை வெறுங்காலால் ஜயித்த அந்தச் சேதி அன்று தேசத்துக்கு எத்தனை தெம்பு கொடுத்திருக்கும்! 1948 லண்டன் ஒலிம்பிக்கிலும் நம்மவர் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிப் பிரான்ஸிடம் 2-1 என்றே தோற்றார்கள். இரண்டு பெனால்டிகளை வீணாக்கிய பிறகும் அந்தக் கணக்கு! நீங்கள் ஆடுவது பூட்ஸ்பந்து, நாங்கள் ஆடுவதுதான் கால்பந்து என்று நம் தலைவர் ஆவ் அங்கே வேடிக்கையாகச் சொன்னதாக ஒரு கதை உண்டு.

இன்னொரு கதையும் உண்டு. வெறுங்காலோடு ஆடக் கூடாது என்று தடுத்ததால்தான் 1950-இல் பிரேசிலில் நடந்த உலகக் கோப்பைக்கு நாம் போகவில்லை என்பது. நானும் பல காலம் நம்பியிருந்தேன். ஆனால் 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நம்மவர்களில் பலர் வெறுங்காலோடுதானே ஆடினார்கள்? அப்போது தடுக்காதவர்கள் இரண்டு வருஷம் முன்பு தடுத்திருப்பார்களா? பயிற்சிக்குப் போதிய அவகாசம் இல்லை, ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில் தகராறு என்று நம் சம்மேளனமே அப்போது காரணம் சொல்லியிருந்தது. அன்று உலகக் கோப்பையை விட ஒலிம்பிக்கே பெரிதாகத் தோன்றியது என்பதும் உண்மை. போக மனமில்லாமல் இருந்துவிட்டோம். பழியைக் காலின் மேல் போட்டோம்.

ஹெல்சிங்கியில் நடந்தது இன்னும் கசப்பு. யுகோஸ்லாவியா 10, இந்தியா 1. அதற்குப் பிறகுதான் இங்கே பூட்ஸைக் கட்டாயமாக்கினார்கள். 1956-இல் மெல்போர்னில் நம்மவர் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று, நெவில் டிஸோஸா ஒருவரே மூன்று கோல் போட்டு, நான்காம் இடத்துக்கு வந்தார்கள். அதே யுகோஸ்லாவியா இந்தத் தடவை 4-1 என்றுதான் ஜயிக்க முடிந்தது. 1962-இல் ஜகார்த்தாவில் ஆசியத் தங்கம். ஒலிம்பிக்கில் இந்தியா போட்ட கடைசி கோல் 1960-இல் ரோமில், பெருவுக்கு எதிராக. போட்டவர் தஞ்சாவூர்க்காரர், சைமன் சுந்தரராஜ்.

இவற்றில் பாதியை, என் கோபத்துக்கு நியாயம் தேடிக்கொண்டு, பெரியவரிடம் சொன்னேன், முக்கியமாக 1911-ஐ. அவர் பேசாமல் செருப்பைக் கழற்றி வலது காலைக் காட்டினார். கட்டைவிரலில் நகம் இல்லை. அடுத்த விரல் கோணலாக மடிந்திருந்தது.

“வெறுங்கால்ல ஆடினது பெருமைக்குன்னா நினைச்சீங்க, தம்பி? பூட்ஸ் வாங்கக் காசு ஏது? அந்தக் கட்சிக்காரன் பூட்ஸோட ஏறி மிதிச்சான். மூணு மாசம் நாத்து நடப் போக முடியலை. வீட்டிலே கஞ்சிக்குத் திண்டாட்டம்.”

“ஆனால் அந்தப் பையன் வெறுங்காலில் நன்றாக ஆடுவானே, ஐயா?”

“நல்லாத்தான் ஆடுவான். யார் இல்லைன்னா?” என்று செருப்பை மாட்டிக்கொண்டார். “அவன் அளவுக்கு ஒண்ணு வாங்கிக் கொடுக்க இந்த ஊர்லே ஆள் இல்லை. அதைச் சொல்லுங்க.”

நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு, ஒலிபெருக்கிக்கு, மேடையில் காத்திருந்த கோப்பைக்கெல்லாம் பணம் வசூலாகியிருந்தது. அது எனக்கு அதுவரை உறைக்கவில்லை.

உள்ளூர்க் கட்சி 1-0 என்று தோற்றது. நடுவில் ஒரு தடவை பந்து கோட்டைத் தாண்டிப் பையனிடம் உருண்டு வந்தது. எழுந்து வெறுங்காலாலேயே உதைத்து அனுப்பினான். திடலைக் கடந்து எதிர்க்கோடியில் நின்ற தன் கட்சிக்காரன் நெஞ்சில் போய் விழுந்தது. நடுவர் அதற்கு விசில் ஊதவில்லை.

பரிசளிப்பில் என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மோகன் பகான் பேச்சை எடுக்கவில்லை. இறங்கி வந்து அந்தப் பையனைத் தேடினேன். பூட்ஸ் இரண்டையும் நாடாவால் முடிந்து தோளில் போட்டுக்கொண்டு, இருட்டுவதற்குள் சொந்தக்காரரிடம் சேர்த்துவிட வேண்டும் என்று போய்விட்டானாம்.

அவன் கால் என்ன அளவு என்று பெரியவரிடம் கேட்டேன். “ஏழு இருக்கும்” என்றார்.