மானிப்பாய் தந்த மருத்துவத் தமிழ்

திருவில்லிபுத்தூரிலிருந்து இராசபாளையம் செல்லும் பேருந்தில், ஒரு தாய் நம்மிடம் தாளொன்றை நீட்டினார். மகளின் பேறுகாலச் சீட்டு அது. "சார், இதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுச் சொல்லுங்க" என்றார். பட்டம் பெற்ற நாம் வாசித்தோம், பாதி விளங்கவில்லை. விளங்கிய பாதியையும் தமிழில் சொல்ல நாக்குத் தடுமாறிற்று. நாணினோம்!

தோழர்களே, பேறுகால மருத்துவம் தமிழில் அச்சேறிய ஆண்டு எது தெரியுமா? 1857!

அதன் மூலநூலை எழுதியவர் அயர்லாந்துக்காரர், என்றி மான்செல். 1806-ல் பிறந்தவர், டப்ளின் மாநகரில் பேராசிரியராக விளங்கியவர், 1839-ல் ஆர்தர் சேக்கப்புடன் சேர்ந்து மருத்துவ இதழொன்றை நிறுவியவர். பிள்ளைப்பேற்று மருத்துவம்பற்றி அவர் எழுதிய நூல் 1834-ல் வெளிவந்தது. தம் ஏடு தமிழ் பேசும் என்று அவர் கனவிலும் கருதியிருப்பாரா?

பேச வைத்தவர் அமெரிக்கர், சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847-ல் யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டே மானிப்பாயில் மருத்துவப் பணி. பின்னர் மாணவர்க்குப் பயிற்சி. மதம் பரப்ப வந்தவர்தான், மறைக்கவில்லை நாம். அவருடைய மதம் நமக்கு வேண்டாம். அவருடைய மருத்துவத் தமிழ் வேண்டும்!

முதலில் ஆங்கிலத்திலேதான் கற்பித்தார். கற்றவர் என்ன செய்தனர்? அரசாங்க உத்தியோகம் அழைத்தது, ஓடினர். சிற்றூர் நோயாளி சீந்துவாரின்றிக் கிடந்தான். கண்டார் கிறீன். தமிழிலே கற்றவன் தமிழரிடையே தங்குவான் என்று தெளிந்தார்; பாடமொழியை மாற்றினார். அவரிடம் பயின்ற அறுபதுக்கு மேற்பட்டோரில் 33 பேர் தமிழ்வழி பயின்றவர்கள்.

நூலின்றிப் பாடம் ஏது? மாணவர்களையும் துணைகொண்டு மொழிபெயர்த்தார். 1867-ல் 'இரண வைத்தியம்'. 1872-ல் கிரேயின் உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' ஆயிற்று. ஆங்கில மூலம் வெளிவந்து 14 ஆண்டுகளே ஆகியிருந்தன! 1875-ல் வேதியியல், 'கெமிஸ்தம்' என்ற பெயரில். தமிழில் சொல் தேடுவார்; கிட்டாவிடில் வடமொழி; அதிலும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்தில் பொறிப்பார். அங்காதிபாதமும் சுகரணமும் நம் செவிக்கு உறுத்துகின்றன, உண்மை. உடற்கூறு என்றும் உடலியங்கியல் என்றும் இன்று நாம் அழகாகச் சொல்லுகிறோம். சொல்லுகிறோம், சரி, கல்லூரியில் கற்பிக்கிறோமா? கரடுமுரடான சொல்லைக்கொண்டு அவர் மருத்துவரை உருவாக்கினார். செந்தமிழ்ச் சொல்லைக்கொண்டு நாம் அகராதியை உருவாக்கினோம்.

1870-ல் கொழும்பிலே ஆங்கிலவழி மருத்துவப் பள்ளி எழுந்தது. 1873-ல் கிறீன் தாயகம் திரும்பினார். தமிழ்வழிப் பயிற்சி தளர்ந்தது. அவரோ தளரவில்லை, கடலுக்கு அப்பாலிருந்தும் தமிழ்நூல் ஆக்கினார். 'மனுஷ சுகரணம்' 1883-ல் வந்தது. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார்.

தமிழகத்தில் பொறியியல் 2010-ல் தமிழ்வழி கண்டது. மருத்துவப் பட்டப்படிப்போ இன்னும் ஆங்கிலத்திலேதான். இயலாது என்பாரிடம் நாம் வாதிட விரும்பவில்லை, 1872-ஐக் காட்டுவோம்.

அன்று இராசபாளையம் நிலையத்தில் இறங்கியதும், மருந்துக்கடைத் தோழர் ஒருவரிடம் அத்தாளைக் கொடுத்தோம். "இரத்தம் குறைவு. இரும்புச்சத்து மாத்திரை தினம் ஒண்ணு. அடுத்த வாரம் திரும்ப வரணும்" என்றார் அவர். அவ்வளவுதான் அதில் இருந்தது. அந்தத் தாய் தாளை நான்காக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்.