விழுங்கியும் மடியாத கிருமி

1882-ஆம் வருஷம் மார்ச் மாதம் 24-ஆம் தேதி, ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய வைத்தியர், க்ஷயரோகத்துக்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்து விட்டதாகப் பெர்லின் நகரத்தில் அறிவித்தார். அவ்வருஷம் முடிவதற்குள், ஸிஸிலித் தீவில் மெஸ்ஸினாத் துறைமுகத்தில் தங்கியிருந்த ருஷ்ய விஞ்ஞானி மெச்னிகாவ், உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரியும்படியான உடலையுடைய நட்சத்திரமீன் குஞ்சு ஒன்றின் தோலுக்கடியில் முள்ளைச் செருகி வைத்து, மறுநாட் காலையில் நுண்ணோக்காடியில் பார்த்தபோது, உடலுக்குள் திரியும் உயிரணுக்கள் அம்முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருக்கக் கண்டார். சரீரத்துக்குள் பிரவேசிக்கும் அந்நியப் பொருளை விழுங்கிச் சீரணிப்பது இவ்வணுக்களின் தொழில் என்று அவர் வாதித்ததை நெடுங்காலம் பலர் ஏற்கவில்லை. 1908-இல் எர்லிக் என்னும் விஞ்ஞானியுடன் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. ஆனால் காக் கண்ட கிருமியை மெச்னிகாவ் கண்ட அணு விழுங்கும்போது என்ன நிகழ்கிறது என்பது கண்கூடாகத் தெரிய ஏறக்குறைய 90 ஆண்டுகள் கழிய வேண்டியிருந்தது.

நம் சரீரத்தின் எதிர்ப்பிலிருந்து தப்பக் கிருமிகள் கையாளும் உபாயங்கள் பலவகை. நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ், சர்க்கரைப் பொருளாலான வழுவழுப்பான உறையைப் போர்த்திருப்பதால் விழுங்கும் அணுவின் பிடிக்கு எளிதில் அகப்படுவதில்லை. உறையற்ற உயிருள்ள கிருமியையும், உறையிருந்தும் சூட்டினால் கொல்லப்பட்ட கிருமியையும் ஒருங்கே எலிக்குச் செலுத்த, எலி மாண்டதையும், அதன் இரத்தத்தில் உறையோடு கூடிய உயிருள்ள கிருமிகள் காணப்பட்டதையும் கிரிஃபித் என்னும் ஆராய்ச்சியாளர் 1928-இல் வெளியிட்டார். அந்தப் புதிருக்கு ஏவரியும் அவருடைய சகாக்களும் 1944-இல் கண்ட விடைதான் டி.என்.ஏ. பரம்பரைக் குணங்களைச் சுமக்கும் பொருள் இன்னதென்ற ஞானமே ஒரு கிருமியின் போர்வையை ஆராயப் போய்க் கிட்டிய உபரி லாபம் என்பதை நம் பாடப்புத்தகங்கள் ஏனோ அழுத்திச் சொல்வதில்லை. ஸ்டஃபிலோகாக்கஸ், தன்னைத் தலைப்பக்கத்தால் பற்ற வரும் எதிர்ப்பொருளை வாற்பக்கத்தால் பிடித்துத் தலைகீழாக நிறுத்தி விடுகிறது. மேகவெட்டைக் கிருமியோ தன் மேற்புறத்துப் புரதங்களை ஓயாமல் மாற்றிக்கொள்வதால், ஒருமுறை அந்நோய் கண்டவருக்கு மறுமுறை வராதென்ற உறுதி கிடையாது.

இவையெல்லாம் பிடிபடாமல் நழுவும் வித்தைகள். க்ஷயக்கிருமி பிடிபடுவதற்கு அஞ்சுவதேயில்லை. இருமலில் தெறித்த நுண்திவலையோடு நுரையீரலின் கடைசிக் காற்றறை வரையில் சென்று, அங்கே காவலிருக்கும் பெருவிழுங்கணுவினால் விழுங்கப்படுகிறது. விழுங்கப்பட்ட பொருள் அணுவுக்குள் சிறு பை ஒன்றில் அடைபடுவதும், அமிலமும் சீரணச்சாறுகளும் நிரம்பிய வேறு பைகள் அதனோடு கலந்து அதைக் கரைப்பதும் இயல்பு. லண்டனையடுத்த மில்ஹில் ஆராய்ச்சி நிலையத்தில் ஆம்ஸ்ட்ராங், டார்ஸி ஹார்ட் என்னும் இருவர் சீரணப்பைகளுக்கு இரும்புச்சத்துள்ள புரதத்தால் அடையாளமிட்டு, எலக்ட்ரான் நுண்ணோக்காடியில் ஆராய்ந்து, 1971-இல் முடிவை வெளியிட்டனர். செத்த கிருமிகள் இருந்த பைகளில் அவ்வடையாளம் தாராளமாய்க் கலந்திருந்தது. உயிருள்ள கிருமிகள் இருந்த பைகளில் பெரும்பாலானவற்றை அது அணுகவேயில்லை. அகப்பட்ட திருடன் காவல் நிலையத்துக்குள்ளேயே குடித்தனம் தொடங்கினாற்போல, தன்னைக் கொல்ல அமைந்த அணுவையே கிருமி இல்லமாக்கிக் கொள்கிறது. அதன் மெழுகு போர்த்த சுவரிலுள்ள கொழுப்புப் பொருள்கள் இரு பைகளும் கலவாதபடி தடுப்பதில் துணைபுரிகின்றன. அவசரமும் அதனிடம் இல்லை. குடலில் வாழும் ஈ.கோலி 20 நிமிஷத்தில் இரண்டாகப் பிரிய, க்ஷயக்கிருமி பிரிய ஏறக்குறைய 20 மணி நேரம் செல்கிறது.

விழுங்கியும் கொல்ல முடியாததைச் சரீரம் சூழ்ந்து அடைத்து வைக்கிறது. அணுக்கள் அடுக்கடுக்காய்க் கூடி அமைக்கும் அக்கட்டிக்குள் கிருமி ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடக்கும். மனித குலத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் இக்கிருமியின் தொற்றுக்கு ஆளானவர்கள் என்று கணிக்கப்படுகிறது. அவர்களுள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான், போஷாக்குக் குறைவோ, நீரிழிவோ, முதுமையோ வாய்ப்பளிக்கும்போது, வாழ்நாளில் நோய் வெளிப்படுகிறது. வெளிப்படும்போது நுரையீரலைக் குடைந்து குழியாக்குவதில் கிருமியின் பங்கைவிட, அதன்மேல் மூண்டெழும் நம் எதிர்ப்பின் பங்கே பெரிதென்று சொல்ல வேண்டும். அக்குழி சுவாசக்குழாயில் திறந்து, கிருமிகள் இருமலோடு வெளியேறி மற்றொரு மனிதனை அடைகின்றன. எச்.ஐ.வி.யினால் எதிர்ப்பு மிகவும் குன்றியவர்களுக்கு க்ஷயம் விரைவில் உயிரைக் குடிக்கக் கூடுமாயினும், நுரையீரலில் குழி விழுவது அவர்களிடம் குறைவு என்பதை வைத்தியர்கள் நெடுநாளாக அறிவார்கள்.

ஆகையால் இக்கிருமி நம் எதிர்ப்புக்குத் தப்புகிறது என்று மட்டும் கூறுவது பாதி உண்மையே. அவ்வெதிர்ப்பை அது வாகனமாகவும் உபயோகிக்கிறது. உலகின் பல பாகங்களிலிருந்து திரட்டிய 21 க்ஷயக்கிருமி வகைகளின் மரபுத்தொகுதியை ஒப்பிட்ட ஆராய்ச்சி ஒன்று 2010-இல் வெளியாயிற்று. நம் எதிர்ப்பில் பங்குகொள்ளும் டி-அணுக்கள் அடையாளம் காணும் புரதப்பகுதிகளை மற்றக் கிருமிகள் மாற்றி மாற்றி மறைக்க, க்ஷயக்கிருமியோ அப்பகுதிகளையே பெரும்பாலும் மாறாமல் காத்து வந்திருக்கிறது என்பது அதன் முடிவு. அடையாளம் காணப்படுவதில் அதற்கு ஆதாயம் உண்டு என்பதைத் தவிர இதற்குப் பொருத்தமான விளக்கம் எனக்குப் புலப்படவில்லை.

தடுப்பூசியின் சரித்திரத்தை இந்த வெளிச்சத்தில் படிக்க வேண்டும். பிரான்ஸ் தேசத்தில் கால்மெட்டும் கெரானும் மாட்டு க்ஷயக்கிருமியை 1908 முதல் 13 ஆண்டுகளில் 230 தடவை மாற்றி மாற்றி வளர்த்து வீரியம் குன்றச் செய்து, பி.ஸி.ஜி. என்ற மருந்தை ஆக்கினர். குழந்தைகளைத் தாக்கும் மூளையுறை க்ஷயத்தை அது நன்கு தடுக்கிறது. ஆனால் 1968-இல் செங்கற்பட்டு ஜில்லாவில் தொடங்கி, 2,50,000-க்கும் மேற்பட்ட ஜனங்களை உட்படுத்திய மாபெரும் பரிசோதனையில், வயது வந்தோரின் நுரையீரல் க்ஷயத்தினின்று அது பாதுகாப்பு அளிக்கவில்லை என்று தெரிந்தது. 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த பின்னும் முடிவு மாறவில்லை. கிருமியை இனம் காணச் சரீரத்துக்குக் கற்பிப்பதே போதும் என்ற நம்பிக்கை அங்கே ஆட்டம் கண்டது. கிருமி ஏற்கெனவே உள்ளே குடியிருந்தும் நோயுறாத ஆப்பிரிக்க மக்களிடம் சோதிக்கப்பட்ட எம்-72 என்னும் புதிய தடுப்பூசி, நோய் வெளிப்படுவதை ஏறக்குறைய பாதியாகக் குறைத்ததாக 2019-இல் முடிவு வெளியாயிற்று. அதைவிடப் பெரிய பரிசோதனை 2024-இல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கியிருக்கிறது.