கண் படிக்கும் கோடும் கருவி படிக்கும் மின்னோட்டமும்

கொரோனா நாட்களில் மூக்குச்சளியைக் கரைத்துச் சிறு பட்டையில் சொட்டிவிட்டு, கோடு ஒன்றா இரண்டா என்று பதினைந்து நிமிடம் காத்திருந்தோம். அதே 2020-இல் தென்கொரிய ஆய்வாளர்கள் அந்தக் கிருமியை மின்னோட்டத்தின் வழியே கண்டறியும் கிராஃபீன் உணரியை உருவாக்கிக் காட்டினார்கள். இவ்விரண்டில் எது மேல்?

அடிப்படை இரண்டுக்கும் ஒன்றுதான். கிருமியின் புரதத்தை எதிர்ப்பொருள் பற்றிக்கொள்கிறது. பற்றியதை நமக்குத் தெரிவிக்கும் விதத்தில் இரண்டும் பிரிகின்றன.

பட்டையில் எதிர்ப்பொருள் ஒட்டிய தங்க நுண்துகள்கள் கரைசலோடு ஊர்ந்துபோய்க் கோட்டில் சேர்கின்றன. ஏராளமான துகள்கள் குவிந்தால்தான் சிவப்பு கண்ணுக்குத் தெரியும். கிராஃபீனோ ஓரணுத் தடிமனே உள்ள கரிமப் படலம். அதன் அணுக்கள் எல்லாமே மேற்பரப்பில் இருப்பதால், அருகில் மின்னூட்டமுள்ள புரதம் வந்து ஒட்டினாலே அதில் ஓடும் மின்னோட்டம் மாறிவிடுகிறது.

நுண்மையில் உணரியே முந்துகிறது. கொரிய உணரி, தூய கரைசலில் மில்லிலிட்டருக்கு 1 ஃபெம்டோகிராம் புரதத்தையும் கண்டுகொண்டது. ஒரு கிராமை ஆயிரம் லட்சம் கோடிக் கூறாக்கினால் அதில் ஒரு கூறு அது. பட்டைக்கு உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வைத்த வரம்போ, பிசிஆர் சோதனை தொற்று உண்டென்று கண்டுபிடிக்கும் நூறு பேரில் குறைந்தது 80 பேரைக் காட்ட வேண்டும் என்பதுதான். எஞ்சியோர் தொற்று இல்லையென்று நம்பி வீடு திரும்பக்கூடும்.

ஆனால் அதே உணரி, மாதிரிகளை எடுத்துச்செல்லும் மருத்துவத் திரவத்தில் 100 ஃபெம்டோகிராம் இருந்தால்தான் கண்டுகொண்டது. திரவம் மாறியதும் நுண்மை நூறு மடங்கு குறைந்தது. உடல்திரவங்களில் இன்னொரு தடையும் உண்டு. அவற்றிலுள்ள உப்பு அயனிகள் மின்னூட்டத்தைச் சூழ்ந்து மறைப்பதால், ஏறத்தாழ 1 நானோமீட்டருக்கு அப்பால் நடப்பதை உணரி அறிவது கடினமாகிறது. எதிர்ப்பொருளின் நீளமோ ஏறத்தாழ 10 நானோமீட்டர். அதனால்தான் உப்பைக் குறைப்பதும், குட்டையான பிடிப்பான்களைப் பொருத்துவதுமாக ஆய்வுகள் நடக்கின்றன.

சர்க்கரை அளக்கும் கருவியும் மின்னணு உயிருணரிதான்; அது வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிட்டதே என்று கேட்கலாம். இரத்தத்தில் சர்க்கரை ஏராளம். நொதி ஓயாமல் வேலைசெய்து எலக்ட்ரான்களை வழங்கிக்கொண்டே இருக்கும். தொற்றின் தொடக்கத்தில் கிருமியோ மிகச் சில. அவற்றின் குறியைப் பெருக்கித்தர அப்படியொரு நொதி உடன் இருப்பதில்லை.

மின்சாரமும் கருவியும் வேண்டாத பட்டை, இன்று ஊர்ப்புற முகாமுக்கு உகந்தது. கிருமி குறைவாக உள்ள முதல் நாட்களிலேயே பிடித்தாக வேண்டிய மருத்துவமனைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் உணரி தேவை. ஆனால் தூய கரைசலில் கிடைத்த எண்ணைக் கொண்டு அதற்கு முடிசூட்டுவது நோயாளிக்கு உதவாது. பட்டை தன்னை மெய்ப்பித்தது சளியில். உணரியையும் அந்தச் சளியிலேயே அளந்து பார்க்க வேண்டும்.