அஞ்சறைப் பெட்டியும் லயத்து வேலியும்: மலாக்காத் தோட்டத் தமிழரின் சளிக் கைமருந்து குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மலேசியத் தமிழரின் தோட்ட வாழ்வைப் பற்றிய ஆய்வுகள் குடியேற்றம், கூலி, தொழிற்சங்கம், பள்ளி, கோயில் ஆகியவற்றை விரிவாகப் பேசுகின்றன. அவர்தம் அடுப்பங்கரையில் கொதித்த கஷாயத்திற்கு அவற்றில் கிடைத்துள்ள இடம் மிகச் சிறிது. மலாக்கா மாநிலத் தோட்டங்களிலும் சிறுநகரங்களிலும் வாழ்ந்த தமிழர், சளி, இருமல், காய்ச்சல் ஆகியவற்றுக்கு வீட்டிலேயே செய்துகொண்ட மருந்துகளை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் அணுக முற்படுகிறது.

பாட்டி வைத்தியம் என்றதும், தாயகத்திலிருந்து மாற்றமின்றிக் கொண்டுவரப்பட்ட முன்னோர் சொத்து என்றே நாம் கருதிவிடுகிறோம். இக்கருத்து முழுமையானதன்று. கடைச் சரக்கு, வேலிச் செடி, அண்டை வீட்டுப் பழக்கம் என்னும் மூன்றும் கூடி இம்மண்ணிலேயே உருப்பெற்றது தோட்டத்துக் கைமருந்து என்பதே நமது துணிபு. அம்மூன்றனுள் வேலி இன்று மறைந்து வருகிறது. அதனோடு மறைவது செடி மட்டுமன்று; செடியின் தமிழ்ப்பெயரும் ஆகும்.

துறைமுக நகரின் மருந்துச் சரக்கு

தோட்டங்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே மலாக்கா மருந்துச் சரக்கின் சந்தையாக விளங்கியது. 1511இல் போர்த்துகீசியர் நகரைக் கைப்பற்றிய மறு ஆண்டில் இங்கு வந்து, 1515 வரை தங்கியிருந்த தோமே பிரெஸ் என்பார் தொழிலால் மருந்து வணிகர். அவர் எழுதிய 'சூமா ஓரியந்தால்' என்னும் நூல், சோழமண்டலக் கரையிலிருந்து துணியுடன் வந்த வணிகர்களைப் பற்றியும், இங்குக் கைமாறிய மிளகு முதலிய சரக்குகளைப் பற்றியும் விரிவாகக் கூறுகிறது. மிளகும் இஞ்சியும் உணவுப் பொருளாகவும் மருந்துப் பொருளாகவும் ஒருங்கே மதிக்கப்பட்ட காலம் அது. 

அவ்வணிகர் மரபில் வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து, மலாய் மொழியைத் தாய்மொழியாகக் கொண்டும் சைவ வழிபாட்டைக் கைவிடாதும் வாழ்பவர்கள் மலாக்காச் செட்டிகள். 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயம் அவர்தம் தொன்மைக்குச் சான்று. தமிழ்க் 'கடை' மலாய் மொழியில் 'கெடாய்' ஆனதும் இத்தகைய வணிகத் தொடர்பின் விளைவே. எனவே தோட்டத் தொழிலாளர் மலாக்காவுக்கு வந்தபோது, அவர்கள் அறிந்த சரக்குகள் அவர்களுக்கு முன்பே இங்கு வந்து சேர்ந்திருந்தன எனலாம்.

தோட்டமும் காய்ச்சலும்

சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ரிட்லியின் தூண்டுதலால், 1896இல் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். பின்னர்ப் புக்கிட் அசகானிலும் பெருமளவில் பயிரிட்டார். மலாயாவின் வணிக முறை ரப்பர்த் தோட்டத் தொழில் இவ்வாறு மலாக்காவிலேயே தொடங்கியது. தொடர்ந்து வந்த ஆண்டுகளில் தஞ்சாவூர், திருச்சி, சேலம், ஆர்க்காடு ஆகிய மாவட்டங்களிலிருந்து கங்காணி முறையில் தமிழர் பெருந்தொகையாக மலாயாத் தோட்டங்களுக்கு வந்தனர். 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளரின் உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடைசெய்யும் வரை இவ்வரவு நீடித்தது.

மலாக்காவில் பனிக்காலம் என ஒன்றில்லை. பருவக்காற்று மாறும் மாதங்களில் மழை மிகும். 'சுமத்ரா' எனப்படும் புயல்மழை விடியற்பொழுதில் நீரிணையைக் கடந்து வந்து வீசும். பால்மரம் வெட்டுவோரோ விடியுமுன் எழுந்து ஈரக்காட்டில் நிற்க வேண்டியவர்கள். மழை பெய்தால் வெட்டு நிற்கும், நாட்கூலியும் குறையும். மழையில் நனைந்தவருக்குக் காய்ச்சல் கண்டால், அடுத்த நாளின் கூலியும் போகும். வருமுன் காக்கவும், வந்தபின் விரைவில் எழுந்து வேலைக்குச் செல்லவும் வீட்டு மருந்து தேவைப்பட்டது. மரபின்மீது கொண்ட பற்று மட்டும் அதனைக் காத்து நிற்கவில்லை. கூலிக் கணக்கும் காத்தது என்பதை நாம் மறத்தலாகாது.

தோட்ட மருத்துவமனையும் 'டிரெசர்' எனப்பட்ட மருத்துவ உதவியாளரும் இருந்தனர் என்பது உண்மை. தோட்ட நிர்வாகம் மருத்துவ வசதி அளிக்க வேண்டுமெனத் தொழிலாளர் சட்டங்கள் விதித்திருந்தன. ஆயினும் 1918ஆம் ஆண்டின் பிற்பகுதியில் உலகளாவிய இன்ஃபுளுவென்சா மலாயாவைத் தாக்கியபோது, மருத்துவமனையிடமும் அதற்கான மருந்து இல்லை. அந்நோய்க்குக் காரணமான வைரசை மனிதரிடமிருந்து பிரித்தறிந்ததே 1933இல்தான். அன்றைய நிலையில் டிரெசரின் கலவை மருந்தும் கிழவியின் கஷாயமும் செய்யக்கூடியது ஒன்றே: துன்பத்தைத் தணித்து, உடல் தானே தேறும்வரை துணைநிற்றல். கைமருந்தை மூடப்பழக்கம் என ஒதுக்குவோரும், சர்வரோக நிவாரணி எனப் போற்றுவோரும் இவ்வுண்மையைக் கருதுதல் வேண்டும்.

மூன்று மூலங்கள்

முதல் மூலம் கடை. சுக்கு, மிளகு, திப்பிலி, கொத்தமல்லி, ஓமம், அதிமதுரம், விரலி மஞ்சள் ஆகிய காய்ந்த சரக்குகள் மளிகைக் கடையில் கிடைத்தன. சுக்கையும் மிளகையும் தட்டி, வறுத்த கொத்தமல்லியுடன் நீரிலிட்டுப் பாதியாகச் சுண்டக் காய்ச்சி, இனிப்புச் சேர்த்துச் சூடாக அருந்துவது சுக்குமல்லி நீர். விரலி மஞ்சளை விளக்குச் சுடரில் சுட்டு, அதன் புகையை நுகர்வது மூக்கடைப்புக்கான முறை. மிளகு ரசமோ உணவாகவே வந்த மருந்து.

இங்குக் குறிப்பிடத்தக்க மாற்றம் ஒன்றுண்டு. தமிழகத்தில் சுக்கு நீருக்குச் சேர்ப்பது பனங்கருப்பட்டி. பனைமரம் மலாக்காவின் மரமன்று. தென்னம்பாளையில் இறக்கிய பதநீரைக் காய்ச்சிச் செய்யும் வெல்லமோ இவ்வூரின் பெயராலேயே 'குலா மலாக்கா' என வழங்குகிறது. கருப்பட்டி இருந்த இடத்தில் குலா மலாக்கா வந்து அமர்ந்தபோது, கஷாயம் தன் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை, சுவையை மாற்றிக்கொண்டது.

இரண்டாம் மூலம் வேலி. காய்ந்த சரக்கு மூட்டையில் கடல் கடக்கும், பச்சிலை வாடிவிடும். பச்சிலை வேண்டுமாயின் செடி இங்கேயே வேர்கொள்ள வேண்டும். லயத்து வீட்டின் பின்புறத்தில் துளசி, கற்பூரவள்ளி, தூதுவளை, நொச்சி ஆகியவை இடம்பெற்றன. கற்பூரவள்ளி இலையை அனலில் வாட்டிப் பிழிந்த சாறு குழந்தைகளின் இருமலுக்கு உரியது. தூதுவளை துவையலாகவும் ரசமாகவும் ஆனது. நொச்சித் தழையைக் கொதிநீரிலிட்டுப் போர்வைக்குள் ஆவி பிடிப்பதை 'வேது பிடித்தல்' என்றனர். ஒரு கொம்பை ஒடித்துக் கொடுத்தாலே கற்பூரவள்ளி தளிர்த்துவிடும். ஆகவே வேலியோரத்துச் செடி ஒரு வீட்டின் உடைமையாக நில்லாது, லயம் முழுமைக்கும் பொதுவாயிற்று.

மூன்றாம் மூலம் அண்டை வீடு. மலாய்க்காரர் 'செராய்' என்னும் எலுமிச்சைப்புல்லும், 'லெங்குவாஸ்' என்னும் பேரரத்தையும் தமிழர் அடுப்பை எட்டின. ஒரே செடியை இரு மொழிகளும் அறிந்திருந்தமைக்கு நிலவேம்பு நல்ல எடுத்துக்காட்டு. மலாய் மொழியில் அதன் பெயர் 'ஹெம்பெடு பூமி'. நிலத்தின் பித்தம் என்பது பொருள். ஒரு மொழி வேம்பையும் மற்றொரு மொழி பித்தத்தையும் உவமையாக்கினும், மண்ணிலிருந்து எழுந்த கசப்பு என்பதே இரண்டும் உணர்த்தும் கருத்து. சீன வணிகரின் பங்கும் புறக்கணிக்கத்தக்கதன்று. 1928இல் சிங்கப்பூரில் தோன்றிய கோடாலித் தைலம் தமிழர் இல்லங்களில் நிலைத்த இடம் பெற்று, தாயகம் செல்வோரின் பெட்டியில் அன்பளிப்பாகவும் பயணம் செய்தது. மருந்து ஒருவழிப் பாதையில் வரவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1942 முதல் 1945 வரையிலான சப்பானியர் ஆட்சியில் இந்தியாவுடனான கப்பல் போக்குவரத்து அறுபட்டது. தோட்டத் தமிழர் பலர் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். எஞ்சியோர் மரவள்ளிக் கிழங்கை உண்டு வாழ்ந்தனர். இறக்குமதிச் சரக்கு அரிதான அத்தகைய காலத்தில், வேலியும் அண்டை வீடுமே எஞ்சிய மருந்தகங்கள் என நாம் ஊகிக்கலாம்.

வேலி இழந்த காலம்

1950களின் இறுதியில் தொடங்கிய தோட்டத் துண்டாடல், பின்னர் ரப்பர் செம்பனைக்கு இடம்விட்டமை, அதன்பின் நிலம் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் மாறியமை ஆகிய மாற்றங்களால் லயங்கள் கலைந்தன. காடேக், தெபோங், கெமுனிங் போன்ற பெயர்கள் பல குடும்பங்களுக்கு இன்று நினைவிலும், பள்ளிப் பெயர்ப்பலகையிலுமே வாழ்கின்றன. சிமெண்டு முற்றம் கொண்ட வரிசை வீட்டில் நொச்சிக்கு இடமில்லை. சுக்குப் பொடி பொட்டலமாகக் கிடைக்கிறது. கடை இன்றும் உள்ளது. செடியைக் கண்டு பெயர் சொல்லும் கண்ணும் நாவும்தாம் அருகி வருகின்றன.

இது தமிழாசிரியருக்கு நேரடியாக உரிய இழப்பு. பதினெண்கீழ்க்கணக்கில் திரிகடுகம், சிறுபஞ்சமூலம், ஏலாதி என்னும் மூன்று நூல்கள் மருந்தின் பெயரையே தம் பெயராகக் கொண்டுள்ளன. உடல்நோய்க்குச் சுக்கு, மிளகு, திப்பிலி போல உளநோய்க்கு மூன்று கருத்துகள் என்பதே நல்லாதனார் கைக்கொண்ட அமைப்பு. திப்பிலியைக் கையில் தொட்டும் நாவில் இட்டும் அறிந்த மாணவனுக்கு இவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை. அதனை அறியாதவனுக்கோ நூற்பெயர் தேர்வுக்குரிய மனப்பாடமாகவே நின்றுவிடும்.

முடிவுரை

மூத்தோர் நினைவில் உள்ள செடிப்பெயர், செய்முறை, அதனைக் கற்ற இடம் ஆகியவற்றைப் பதிவுசெய்தல் இன்று உடனடித் தேவை. மலாக்காவின் தமிழ்ப்பள்ளிகள் தத்தம் வளாகத்தில் சிறு மூலிகைப் பாத்தி அமைத்து, தமிழ்ப்பெயரையும் மலாய்ப்பெயரையும் சேர்த்து எழுதி வைப்பின் அதுவே நல்ல தொடக்கமாகும். வாய்மொழி வரலாற்றை நாடும் பல்கலைக்கழக மாணவர்க்கும் இது எளிதில் எட்டும் களம்.

பதிவுசெய்தல் வேறு, பரிந்துரைத்தல் வேறு என்பதையும் வலியுறுத்த வேண்டும். மழைக்காலத்துக் காய்ச்சல் டெங்கியாகவும் இருக்கலாம். அதனைக் கஷாயத்தால் கணித்தல் இயலாது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கலந்து சாறு கொடுத்தல் ஆகாது. மரபு மருத்துவத் தொழிலை ஒழுங்குபடுத்த மலேசியா 2016இல் தனிச்சட்டமே இயற்றியுள்ளது. வீட்டு மருந்தின் எல்லையை அறிந்து சொல்வது அதன் பெருமைக்குக் குறைவன்று. அன்றைய தோட்டத்துத் தாய் தன் கஷாயம் நோயை வெல்லும் என்று வாதிட்டிருக்க வேண்டியதில்லை. மறுநாள் பிள்ளை எழுந்து அமர்ந்தால் அவளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அவள் வேலியில் நின்ற செடிகளின் பெயரையேனும் நாம் எழுதி வைத்தல் கடன்.