எதிரிக்கு முதல் பேச்சு

இளைஞர் ஒருவர் தாம் எழுதிய கட்டுரையைக் கொண்டுவந்து காட்டினார். ஊரே இரண்டுபட்டு நிற்கும் ஒரு விவகாரம். முதல் வரியிலேயே எதிர்த் தரப்பாரை மூடர்கள் என்று எழுதியிருந்தார்.

"இதை யார் படித்து மனம் மாற வேண்டும்?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. அவருக்கு ராஜா ராம்மோகன் ராயின் கதையைச் சொன்னேன்.

கணவனின் சிதையில் மனைவியையும் ஏற்றுவது தர்மம் என்று வங்காளத்தில் பலர் நம்பிய காலம் அது. 1818-ல் ராம்மோகன் ராய் அதை மறுத்து வங்க மொழியில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். நெஞ்சு கொதித்தவர்தாம், ஆனால் கொதிப்பை முதற் பக்கத்தில் கொட்டிவிடவில்லை. நூலை இருவர் உரையாடலாக அமைத்தார். வழக்கத்தை ஆதரிப்பவன் பிரவர்த்தகன், மறுப்பவன் நிவர்த்தகன். முதலில் வாய் திறப்பவன் யார் தெரியுமா? பிரவர்த்தகன்தான்!

உடன்கட்டை ஏறுகிறவள் மனித உடலிலுள்ள மூன்றரைக் கோடி ரோமங்களின் கணக்குப்படி அத்தனை ஆண்டுகள் சுவர்க்கத்தில் வாழ்வாள் என்ற ஸ்மிருதி வாக்கு உட்படத் தன் ஆதாரங்களை அவன் அடுக்குகிறான். நிவர்த்தகன் அவற்றைப் பொய்யென்று தள்ளவில்லை. விதவை தவ வாழ்வு வாழ வேண்டும் என்ற மனுவின் விதியை எடுத்துக் காட்டுகிறான். பலனை நாடிச் செய்யும் கர்மம் தாழ்ந்தது என்பதற்குக் கீதையைத் துணைக்கு அழைக்கிறான். எதிரி வணங்கும் நூல்களின் மேலேயே நின்று வாதாடுகிறான். இவ்வளவுக்கும் பிறகுதான் கேட்கிறான்: பெண்ணைப் பிணத்தோடு சேர்த்துக் கட்டி, மூங்கில் கழிகளால் அழுத்திப் பிடிக்கிறீர்களே, இது எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது?

முதல் வரியில் வந்திருந்தால் இது வெறும் வசை. இந்த இடத்தில் வந்ததால் தப்ப வழியில்லை.

1819-ல் வந்த இரண்டாவது நூலில் இன்னும் ஒரு படி மேலே போனார். பெண்களுக்கு அறிவு குறைவு என்கிறீர்களே, அந்த அறிவை நீங்கள் சோதித்துப் பார்த்தது எப்போது என்று கேட்டார்.

உடனே தடை செய்வதில் ராய்க்கே தயக்கம் இருந்தது. ஆயினும் 1829 டிசம்பர் 4-ஆம் தேதி பெண்டிங் பிரபு தடைச்சட்டம் பிறப்பித்தார். வைதிகர்கள் லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றார்கள். 1832-ல் அவர்கள் முறையீடு தள்ளப்பட்டது. அப்போது ராய் இங்கிலாந்தில்தான் இருந்தார்.

"நூல் வந்து பதினொரு வருஷம் ஆயிற்றே! அதுவரை சிதைகள் எரிந்துகொண்டுதானே இருந்தன?" என்றார் இளைஞர்.

"எரிந்தன. பொறுமைக்கும் விலை உண்டு, தம்பி. ஆனால் வசைக்கு அஞ்சி அணைந்த சிதை எதுவும் இல்லை."

அவர் கட்டுரையை மடித்து வைத்துக்கொண்டார். "உண்மையைச் சொன்னால், அவர்கள் வாதம் முழுவதும் எனக்கே தெரியாது, சார்" என்றார்.

"அதைத் தெரிந்துகொள்ளும் இடத்தில்தான் உங்கள் கட்டுரை ஆரம்பமாகிறது" என்றேன்.