மருந்துச் சீட்டில் எழுதிய பால்: அமெரிக்கச் சமுதாய நல மையங்கள் பெற்றதும் இழந்ததும்

1960களின் பிற்பகுதியில் மிசிசிப்பி மாநிலத்தின் பொலிவர் மாவட்டத்தில் மருத்துவர்கள் எழுதிக் கொடுத்த சில சீட்டுகளுக்கு மருந்துக்கடையில் வேலை இருக்கவில்லை. பால், இறைச்சி, காய்கறி என்றுதான் அவற்றில் இருக்கும். மளிகைக் கடைக்காரர் சீட்டை வாங்கிக்கொண்டு பொருளைக் கொடுப்பார். கணக்கு மவுண்ட் பையூவிலிருந்த டெல்டா நல மையத்துக்குப் போகும். மையம் மருந்துக்கான ஒதுக்கீட்டிலிருந்து அதைத் தீர்க்கும். புகார் வாஷிங்டன் வரை எட்டியது. விசாரிக்க வந்தவர்களிடம், பாடநூல்களின்படி சத்துக்குறைவுக்கு மருந்து உணவுதான் என்றார் மையத்தை நிறுவியவர்களில் ஒருவரான ஜாக் கைகர்.

ஒரு மருத்துவரின் சாமர்த்தியத்துக்குச் சான்றாகவே இந்தச் சம்பவம் வழக்கமாகச் சொல்லப்படுகிறது. உண்மையில் அது ஒரு கொள்கை. அமெரிக்காவில் இன்று ஏறத்தாழ 1,400 சமுதாய நல மைய நிறுவனங்கள் 3 கோடிக்கும் அதிகமானோருக்கு மருத்துவம் பார்க்கின்றன. ஏழைகளுக்குக் குறைந்த கட்டணத்தில் முதல்நிலைச் சிகிச்சை தருபவை என்றே அவை அறியப்படுகின்றன. அந்த வரையறையில் பாதிதான் பிடிபடுகிறது. அதுவும் சிறிய பாதி.

கைகர் மறுபாதியைக் கற்றது தென்னாப்பிரிக்காவில். சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற மருத்துவத் தம்பதியர் 1940 இல் போலேலா என்னும் ஜூலு கிராமப்புறத்தில் ஒரு நல மையம் தொடங்கியிருந்தனர். நோயாளியை மட்டும் பார்க்காமல் அவர் வீடு, தண்ணீர், காய்கறித் தோட்டம் எல்லாவற்றையும் அவர்கள் கணக்கில் எடுத்தனர். 1957 இல் மாணவராக அங்கு பயின்ற கைகர், 1964 இல் குடிமை உரிமைப் போராட்டத்துக்காக மிசிசிப்பிக்குப் போனபோது அதே வறுமையைக் கண்டார். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் வழியாக மத்திய அரசின் வறுமை ஒழிப்பு நிதி கிடைத்தது. முதல் மையம் 1965 டிசம்பரில் பாஸ்டனின் கொலம்பியா பாயின்ட் குடியிருப்பில் திறக்கப்பட்டது. அடுத்தது, முன்னாள் அடிமைகள் 1887 இல் உருவாக்கிய மவுண்ட் பையூவில்.

பருத்தி பறிக்கும் இயந்திரம் வந்து, வாரக் குடியானவர்களின் பிழைப்பைப் பறித்திருந்த காலம் அது. மையத்தினர் கிணறு வெட்டினர், கழிப்பறை கட்டினர், ஜன்னல்களுக்கு வலை அடித்தனர். மையத்தைச் சேர்ந்த ஜான் ஹேட்ச் ஊர் ஊராக மக்களைத் திரட்டினார். அதிலிருந்து ஒரு கூட்டுறவுப் பண்ணை எழுந்தது. பருத்திக்குப் பேர்போன மண்ணில் காய்கறி விளைந்தது. உழைத்தவர்களுக்குக் கூலியோடு விளைச்சலிலும் பங்கு. அந்தக் கூட்டுறவில் பணியாற்றிய எல்.சி. டோர்சி வாரக் குடியானவர் குடும்பத்தில் பிறந்தவர். பின்னாளில் நல மையத்துக்கே இயக்குநரானார்.

இந்த மரபில் சட்டமானது ஒரு பகுதி மட்டுமே. நிர்வாகக் குழுவில் பாதிக்கு மேற்பட்டோர் அந்த மையத்தில் சிகிச்சை பெறுபவர்களாக இருக்க வேண்டும் என்று 1970களின் நடுவில் விதி வந்தது. கட்டணம் வருமானத்தைப் பொறுத்தது. பணமில்லை என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. பெரும்பாலான மருத்துவமனைகளில் காணக் கிடைக்காத அதிகாரப் பகிர்வு இது.

ஆனால் கிணறும் பண்ணையும் சட்டத்தில் ஏறவில்லை. ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்ட், மையங்களின் வருவாயில் பெரும்பங்காக வளர்ந்தது. அது நோயாளியின் ஒவ்வொரு வருகைக்கும் பணம் தருகிறது. வருகைக்குத் தொகை உண்டு, கிணற்றுக்குக் கிடையாது. எதற்குப் பணம் வருகிறதோ அதைத்தானே ஒரு நிறுவனம் செய்யும்?

பணி இப்படிச் சுருங்கியதால்தான் மையங்கள் பிழைத்தன என்ற எதிர்வாதத்தைத் தள்ளிவிட முடியாது. பண்ணை நடத்தும் மருத்துவமனையை எந்தக் கட்சி ஆதரித்திருக்கும்? சிகிச்சையகமாக ஒடுங்கியதால்தான் ஜார்ஜ் புஷ் (இளையவர்) ஆட்சியிலும் அவை பெருகின; ஒபாமாவின் 2010 மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் 1,100 கோடி டாலரில் தனி நிதியம் அமைத்தது. சரி. ஆனால் பிழைத்திருக்கக் கொடுத்த விலை, நிர்வாகக் குழுவின் அதிகாரத்தைக் குறுக்கிவிட்டது. நோயாளிகள் பெரும்பான்மையாக அமர்ந்து எடுக்கக்கூடிய முடிவுகளில் பலவற்றைக் கட்டண முறை முன்கூட்டியே எடுத்துவிடுகிறது.

மாற்று இல்லாமலில்லை. ஒரிகன் மாநிலம் 2013 முதல் சில மையங்களுக்கு, வருகையைக் கணக்கிடாமல், பதிவான நபருக்கு மாதம் இவ்வளவு என்று மெடிக்கெய்ட் பணம் தருகிறது. மருத்துவர் நேரில் பார்த்தால்தான் வருமானம் என்ற கட்டாயம் அங்கே தளர்கிறது. வீடு தேடிச் செல்லும் பணியாளருக்கோ, தொலைபேசியில் ஆலோசனை சொல்லும் செவிலியருக்கோ செலவிடலாமா என்பதை மையமே முடிவு செய்ய இடம் கிடைக்கிறது.