தானியங்கிப் பக்கவாத்தியம் (கீபோர்டு)

மின்னணுக் கீபோர்டில் இடக்கை பிடிக்கும் சுரக்கூட்டை (கார்டு) கருவியே அறிந்து, அதற்கேற்ற டிரம்ஸ், பேஸ், கித்தார் முதலியவற்றைத் தானே ஒலிக்கச் செய்யும் வசதி. வலக்கை மெட்டை வாசிக்கும்.

வரலாறு: இதன் முன்னோடி அக்கார்டியன். அதன் இடப்பக்கப் பொத்தான்களில் சிலவற்றில், ஒன்றை அழுத்தினாலே முழுச் சுரக்கூட்டும் ஒலிக்கும். அமெரிக்காவின் ஹாமண்ட் நிறுவனம் 1950இல் கார்டு ஆர்கன் வழியாக இவ்வேற்பாட்டை மின்கருவிக்குக் கொண்டுவந்தது. 1959இல் வுர்லிட்சர் நிறுவனத்தின் ‘சைட்மேன்’ என்னும் தாளப்பெட்டி வந்தது. சுழலும் தகடு ஒன்று அதன் தாளங்களை இயக்கியது. 1967இல் ஜப்பானின் ஏஸ் டோன் நிறுவனம் டிரான்சிஸ்டரில் இயங்கும் ‘ரிதம் ஏஸ்’ கருவியை வெளியிட்டது. ஏஸ் டோனை நிறுவிய இக்குதாரோ ககேஹாஷியே 1972இல் ரோலண்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். 1970களில் வீட்டு ஆர்கன்களில் தாளமும் சுரக்கூட்டும் ஒன்றுசேர்ந்தன. 1981இல் வந்த காசியோ எம்டி-40 தாளத்தையும் பேஸையும் மலிவான சிறு கருவிக்குள் அடக்கியது. காசியோவின் ஹிரோகோ ஒகுடா அதற்கு அமைத்த ‘ராக்’ தாளமே 1985இல் ஜமைக்காவின் ‘அண்டர் மி ஸ்லெங் டெங்’ பாடலுக்கு அடித்தளமாயிற்று.

வகைகள்: (1) ஒருவிரல் முறை. யமஹாவில் ஒரு கட்டையை மட்டும் அழுத்தினால் மேஜர். அதன் இடப்பக்கத்துக் கறுப்புக் கட்டையையும் சேர்த்தால் மைனர். வெள்ளைக் கட்டையைச் சேர்த்தால் செவன்த். காசியோவில் விரல்களின் எண்ணிக்கையே வகையைத் தீர்மானிக்கும். (2) முழுவிரல் முறை. சுரங்கள் யாவும் அழுத்தப்படும். மேஜருக்கு ச, அந்தர காந்தாரம், ப. மைனருக்குச் சாதாரண காந்தாரம். செவன்துக்கு மேஜருடன் கைசிகி நிஷாதம். முதலாவது தொடக்கநிலையினருக்கானது, முறையாகப் பயின்றோர் இரண்டாவதையே கையாள்வர்.

‘ஸ்டைல்’ எனப்படும் ஒவ்வொரு தாள அமைப்பிலும் முன்னிசை, முதன்மைப் பகுதி, இடைநிரப்பல், முடிப்பு ஆகியவை உண்டு. நான்கு, மூன்று எண்ணிக்கைத் தாளங்கள் எளிதில் அமைகின்றன. ஏழு எண்ணிக்கையுள்ள மிஸ்ர சாபுவுக்குப் பெரும்பாலும் புதிய ஸ்டைலை அமைக்க வேண்டும். கமகமே உயிரான கர்நாடக இசைக்கு இவ்வசதி பொருந்தாது. திரைப்பாடல், பக்திப்பாடல்களுக்கே ஏற்றது.

இன்றைய நிலை: மலேசியாவின் பந்திங், கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத் தமிழர் விருந்துகளிலும் பஜனைகளிலும் கீபோர்டு வழக்கில் உள்ளது. இந்தியத் தாளங்கள் அடங்கிய கருவிகளும் கிடைக்கின்றன. லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் மின்னணுக் கீபோர்டுத் தேர்வுகளில் தானியங்கிப் பக்கவாத்தியத்துடன் வாசிப்பதும் பாடத்திட்டத்தில் அடங்கும்.